பத்து நோடில் மைக்ரேஷனை ஓட்டுவது யார்? நான்கு வழிகளின் ஒப்பீடு

ஒரே அப்ளிகேஷன் பத்து நோடில் (சர்வரில்) ஓடுகிறது. புதிய வெர்ஷனோடு ஒரு டேபிள் உருவாக்க வேண்டும், முதல் அட்மின் கணக்கைப் போட வேண்டும். டேட்டாபேஸில் செய்யும் இத்தகைய மாற்றமே மைக்ரேஷன். இந்த வேலை எல்லா நோடின் ஸ்டார்ட்அப் ஸ்கிரிப்டிலும் இருந்தால், ஒன்று ஜெயிக்கும். மற்ற ஒன்பதும் "டேபிள் ஏற்கெனவே இருக்கிறது" என்று விழும். அட்மின் கணக்குக்கு யுனிக் கட்டுப்பாடு (ஒரே மதிப்பு இருமுறை வரக்கூடாது என்ற விதி) இல்லையென்றால் விழவும் விழாது, பத்து அட்மின்கள் இருப்பார்கள்.

எனவே ஒரு நோடைத் தேர்ந்தெடுக்கிறோம். ஆனால் "யார் செய்வது" என்பது கேள்வியில் மூன்றில் ஒரு பங்குதான். வேலை முடிந்துவிட்டது என்ற நினைவு எங்கே இருக்கிறது? அது முடியும்வரை மற்ற நோடுகள் என்ன செய்கின்றன? கீழே உள்ள வழிகளில் பெரும்பாலானவை முதல் கேள்விக்கு நன்றாகவே பதில் சொல்கின்றன, மற்ற இரண்டில் சறுக்குகின்றன.

தளமே தலைவரைச் சொல்வது

அமேசானின் எலாஸ்டிக் பீன்ஸ்டாக்கில் (அப்ளிகேஷனை சர்வர்களில் நிறுவி நடத்தும் சேவை), கான்ஃபிகின் கன்டெய்னர் கமாண்ட்ஸ் பகுதியில் "லீடர்_ஒன்லி" என்று ஒரு வரி போட்டால் போதும். என்வைரன்மென்ட் உருவாகும்போதும் ஒவ்வொரு டிப்ளாயின்போதும் (புதிய வெர்ஷனை நிறுவும்போதும்) தளம் ஒரு இன்ஸ்டன்ஸை, அதாவது ஒரு சர்வரை, தேர்ந்தெடுத்து அதில் மட்டும் அந்தக் கட்டளையை ஓட்டும். கட்டளை பிழையோடு முடிந்தால் டிப்ளாயும் தோற்கும், அது நல்லதே. "கமாண்ட்ஸ்" என்ற இன்னொரு பகுதியும் உண்டு. லீடர்_ஒன்லி அங்கே செல்லாது.

தலைவர் பதவி அந்த டிப்ளாயோடு முடிந்தது என்பதைப் பலர் மறக்கிறார்கள். தினசரி ரிப்போர்ட்டுக்கான கிரானை (குறித்த நேரத்தில் தானாக ஓடும் வேலையை) லீடர்_ஒன்லி மூலம் பதித்து வைப்பார்கள். சில நாளில் ஆட்டோஸ்கேலிங் (சுமைக்கேற்ப சர்வர்களைக் கூட்டிக் குறைக்கும் வசதி) அந்த இன்ஸ்டன்ஸை அணைத்துவிடும். புதிதாக வரும் இன்ஸ்டன்ஸ் தலைவர் இல்லை, அதில் கட்டளை ஓடாது. எர்ரர் எதுவும் வராமல் ரிப்போர்ட் நின்றுபோகும். இன்ஸ்டன்ஸ் டைப்பையோ மெஷின் இமேஜையோ மாற்றும்போதும் லீடர்_ஒன்லி ஓடுவதில்லை. மைக்ரேஷனுக்கு இது போதும், கிரானுக்கு ஆகாது.

பூஜ்ஜியமாவது நோடு

கன்டெய்னர்களை நடத்தும் தளமான குபர்நெட்டிஸில் சாதாரண டிப்ளாய்மென்ட்டின் பாட்களுக்கு (அப்ளிகேஷனின் ஓடும் பிரதிகளுக்கு) வரிசை எண் கிடையாது. இனிட் கன்டெய்னர் (அப்ளிகேஷனுக்கு முன் ஓடி முடிவது) வைத்தாலும் அது ஒவ்வொரு பாடிலும் ஓடும். ஸ்டேட்ஃபுல்செட் என்ற இன்னொரு வகையில் எண் உண்டு. ஹோஸ்ட்பெயரின் கடைசி எண் 0 என்றால் செட்டப்பை ஓட்டு என்று ஒரே வரியில் எழுதிவிடலாம். முதல் நிறுவலில் அழகாக வேலை செய்யும்: 0 தயாரான பிறகே 1 எழும், அதன் பிறகே 2.

அப்கிரேடில் இந்த வரிசை தலைகீழ். ரோலிங் அப்டேட் (பாட்களை ஒவ்வொன்றாகப் புதுப்பிப்பது) பெரிய எண்ணிலிருந்து தொடங்குகிறது. மூன்று பாட் என்றால்: 2, 1, கடைசியில் 0. புதிய கோடோடு எழுந்த 2 புதிய டேபிளைத் தேடும். அதை உருவாக்க வேண்டிய 0 இன்னும் பழைய கோடில் இருக்கிறது. 2 தயாராகாது, அது தயாராகாததால் 0-வின் முறையும் வராது. கையால் தலையிடாமல் இந்த முடிச்சு அவிழாது.

எனவே திரும்பத் திரும்ப வரும் மைக்ரேஷனுக்கு இது தவறான தேர்வு. கிளஸ்டரை முதன்முதலாகக் கட்டுவதற்குச் சரியானது. மோங்கோடிபி டேட்டாபேஸின் கிளஸ்டரைத் தொடங்கும் "ஆர்எஸ்.இனிஷியேட்" ஒரே ஒரு உறுப்பினரில்தான் ஓட வேண்டும், மைஎஸ்கியூஎல் கிளஸ்டரான கலேராவின் முதல் நோடும் ஒன்றுதான். ஆனால் நினைவை லோக்கல் டிஸ்க்கில் மட்டும் வைக்காதீர்கள். 0-வின் வால்யூம் அழிந்து வெறும் டிஸ்க்கோடு எழுந்தால், தானே முதல் ஆள் என்று நினைத்து இரண்டாவது கிளஸ்டர் ஒன்றைத் தொடங்கிவிடும். "டிஸ்க் காலியா" என்று பார்க்கும் முன் "மற்ற உறுப்பினர்கள் யாராவது பதில் சொல்கிறார்களா" என்று பார்க்க வேண்டும். எலாஸ்டிக்சர்ச் என்ற தேடல் கருவியில் முதல் மாஸ்டர் நோடுகளின் பட்டியலை, கிளஸ்டர் உருவானதும் கான்ஃபிகிலிருந்து நீக்கச் சொல்வதும் இதனால்தான்.

லாக் யாருக்குக் கிடைக்கிறதோ அவர்

எல்லா நோடும் முயலட்டும், டேட்டாபேஸ் லாக் (பூட்டு) ஒருவரை மட்டும் உள்ளே விடட்டும். நினைவு டேட்டாபேஸிலேயே, எந்த மைக்ரேஷன்வரை முடிந்தது என்று குறிக்கும் வெர்ஷன் டேபிளில் இருக்கிறது, மற்றவர்கள் காத்திருக்கிறார்கள். மூன்று கேள்விகளுக்கும் பதில் சொல்வது இது. ஒரு நிபந்தனை: வெர்ஷனை லாக் கிடைத்த பிறகு படிக்க வேண்டும். முன்பே படித்துவிட்டுக் காத்திருந்தவர், உள்ளே வந்ததும் முடிந்த வேலையை மறுபடி செய்வார்.

லாக்கின் வகையும் முக்கியம். போஸ்ட்கிரஸின் அட்வைசரி லாக் (அப்ளிகேஷன் தன் தேவைக்குக் கேட்டுப் பிடிப்பது), கனெக்ஷன் அறுந்தால் தானே விடுபடும். மைக்ரேஷன் கருவியான லிக்விபேஸ் ஒரு டேபிள் வரியை லாக்காகப் பயன்படுத்துகிறது. நடுவில் பாட் கொல்லப்பட்டால் அந்த வரி பூட்டியபடியே கிடக்கும், "ரிலீஸ்-லாக்ஸ்" கட்டளையால் விடுவிக்க வேண்டும். இடையில் பிஜிபவுன்சர் என்ற கனெக்ஷன் பகிர்வுக் கருவி, டிரான்சாக்ஷனுக்கு டிரான்சாக்ஷன் கனெக்ஷன் மாறக்கூடிய டிரான்சாக்ஷன் மோடில் இருந்தால் செஷன் அளவிலான அட்வைசரி லாக்கை நம்ப முடியாது. மைக்ரேஷனுக்கு நேரடி கனெக்ஷன் கொடுங்கள். கலேராவில் மைஎஸ்கியூஎலின் "கெட்_லாக்" மற்ற நோடுகளுக்குப் போய்ச் சேராது.

இன்னொரு பொறி கொஞ்சம் நுட்பமானது. லாக்குக்காக "பிஜி_அட்வைசரி_லாக்" அழைப்பில் தொங்கிக்கொண்டிருக்கும் செஷன் ஒரு ஸ்னாப்ஷாட்டை (அந்த நொடியின் டேட்டா நிலையை) பிடித்திருக்கிறது. லாக் வைத்திருப்பவர் "கிரியேட் இண்டெக்ஸ் கன்கரன்ட்லி" (டேபிளில் எழுதுவதைத் தடுக்காமல் இண்டெக்ஸ் கட்டுவது) ஓட்டினால், அது பழைய ஸ்னாப்ஷாட்கள் எல்லாம் முடியக் காத்திருக்கும். இவர் அவருக்காக, அவர் இவருக்காக: டெட்லாக். காத்திருக்காமல் உடனே பதில் சொல்லும் "பிஜி_ட்ரை_அட்வைசரி_லாக்" அழைத்து, கிடைக்காவிட்டால் சில விநாடி தூங்கி மறுபடி முயன்றால் இது வராது.

அப்ளிகேஷன் ஸ்டார்ட்அப்புக்குள்ளேயே இதை ஓட்டுகிறவர்கள் லைவ்னெஸ் ப்ரோபை (பாட் உயிரோடு இருக்கிறதா என்று குபர்நெட்டிஸ் செய்யும் சோதனையை) கவனிக்க வேண்டும். டிஃபால்ட் 10 விநாடிக்கு ஒரு சோதனை, தொடர்ந்து 3 தோல்வி என்றால் மறுதொடக்கம். மைக்ரேஷன் அரை நிமிடத்தைத் தாண்டினால் நடுவில் கொலை விழும். போஸ்ட்கிரஸில் ஒரே டிரான்சாக்ஷனுக்குள் இருந்தால் ரோல்பேக் ஆகிப் பழைய நிலைக்குத் திரும்பும். மைஎஸ்கியூஎலில் ஒவ்வொரு ஆல்டர் டேபிளும் தானாகவே கமிட் ஆகிவிடுவதால், பாதி முடிந்த ஸ்கீமாவோடு (டேபிள் அமைப்போடு) நிற்பீர்கள்.

எந்த நோடும் வேண்டாம்

வேலையை நோடுகளுக்கு வெளியே எடுத்துவிடுவது: குபர்நெட்டிஸில் ஜாப் (ஒரு வேலையை முடித்துவிட்டு நிற்கும் பாட்), அமேசானின் கன்டெய்னர் சேவையான ஈசிஎஸ்ஸில் "ரன்-டாஸ்க்". ஈசிஎஸ்ஸில் டாஸ்க் நின்றதும் எக்ஸிட் கோடை (வெற்றியா தோல்வியா என்று சொல்லும் எண்ணை) தனியாகப் பார்க்க வேண்டும். "நின்றது" என்றால் "வென்றது" அல்ல.

ஜாப் ஒருமுறைதான் ஓடும் என்று நினைப்பது தவறு. ஒரே பாட், மறுதொடக்கம் இல்லை என்று அமைத்தாலும் புரோகிராம் சில சமயம் இருமுறை தொடங்கலாம் என்று குபர்நெட்டிஸ் ஆவணமே சொல்கிறது. தோற்றால் டிஃபால்டாக 6 முறை மறுபடி முயலும். உருவாக்கிய ஜாபின் பாட் டெம்ப்ளேட்டை மாற்ற முடியாது என்பதால் ஒவ்வொரு ரிலீஸுக்கும் புதிய பெயர் வேண்டும், அல்லது பழைய ஜாபை அழிக்க வேண்டும்.

குபர்நெட்டிஸ் பேக்கேஜ் கருவியான ஹெல்மின் ஹூக்காக (நிறுவலின் குறித்த கட்டத்தில் ஓடும் வேலையாக) வைத்தால் அழிப்பதை அதுவே பார்த்துக்கொள்ளும். அதில் இரண்டு தொல்லைகள். ப்ரீ-இன்ஸ்டால் ஹூக் ஓடும்போது சார்ட்டில் (ஹெல்ம் பேக்கேஜில்) உள்ள சீக்ரெட் இன்னும் உருவாகியிருக்காது, டேட்டாபேஸ் பாஸ்வேர்ட் இல்லாமல் பாட் நிற்கும். ஹெல்மின் காத்திருப்பு டிஃபால்டாக 5 நிமிடம். அதைத் தாண்டினால் ரிலீஸ் தோல்வி என்று குறிக்கப்படும், ஜாப் உள்ளே ஓடிக்கொண்டே இருக்கலாம். அவசரப்பட்டு மறுபடி அப்கிரேட் கொடுத்தால், ஓடும் ஜாபை அழித்துவிட்டுப் புதியது தொடங்கும். டைம்அவுட்டை உயர்த்துங்கள். டிப்ளாய் கருவியான ஆர்கோ சிடி இன்ஸ்டாலையும் அப்கிரேடையும் பிரித்துப் பார்ப்பதில்லை, ஒவ்வொரு சிங்க்கிலும் ஹூக் ஓடும் என்பதையும் கணக்கில் வையுங்கள்.

எங்கள் தேர்வு இதுதான், தனியாக அல்ல: ஜாப் வெளியே, அதற்குள் ட்ரை-லாக். இருமுறை தொடங்கினாலும் லாக் காக்கும். அப்ளிகேஷன் பாட்களின் இனிட் கன்டெய்னர் வெர்ஷன் டேபிளை எட்டிப் பார்த்து, எதிர்பார்க்கும் எண் வரும்வரை காத்திருக்கட்டும். அங்கே லைவ்னெஸ் ப்ரோப் குறுக்கிடாது.

லீஸ் (குறித்த நேரம் மட்டும் செல்லும், புதுப்பித்துக்கொண்டே இருக்க வேண்டிய உரிமை) வைத்துத் தலைவர் தேர்தல் நடத்தலாமே என்று கேட்பார்கள். குபர்நெட்டிஸ் கன்ட்ரோலர்களின் வழக்கமான அளவு 15 விநாடி லீஸ், 10 விநாடிக்குள் புதுப்பிப்பு. இடையில் உறைந்துபோன நோடு விழித்தெழுந்து, தானே தலைவர் என்று இன்னும் சற்று நேரம் எழுதலாம். ஓயாமல் ஓடும் கன்ட்ரோலருக்கு ஏற்ற கருவி அது, ஒருமுறை வேலைக்கு வீண் சுமை.

எந்த வழியில் போனாலும், ரோலிங் டிப்ளாயின் நடுவில் பழைய கோடு புதிய ஸ்கீமாவோடு ஓடும். ஸ்கீமாவில் சேர்ப்பதை இந்த ரிலீஸில் செய்து, நீக்குவதை அடுத்த ரிலீஸுக்குத் தள்ளுங்கள். லட்சக்கணக்கான வரிகளில் மதிப்பை நிரப்பும் வேலையை டிப்ளாயோடு கட்டவே வேண்டாம். ஆயிரம் ஆயிரமாக, முடித்த கடைசி ஐடியைக் குறித்துக்கொண்டே போகும் தனி ஜாபாக விடுங்கள்.