அலுவலகமா, வீடா: நிறுவனங்கள் ஏன் திரும்ப அழைக்கின்றன?

கொரோனா காலத்தில் வீட்டிலிருந்து வேலை பார்த்த ஊழியர்கள் வாரம் ஐந்து நாளும் அலுவலகம் வர வேண்டும் என்று மென்பொருள் நிறுவனமான டி.சி.எஸ். 2023 அக்டோபரிலும், அமேசான் 2025 ஜனவரியிலும் விதித்தன. அலுவலகத்தில் வேலை, வீட்டிலிருந்து வேலை என்ற இரண்டு முறைகளையும் ஒரே அளவுகோல்களில் வைத்துப் பார்ப்போம்.

செலவு
அலுவலகம்: ஊழியருக்குப் பெட்ரோலும் நேரமும் கரைகின்றன, குறிப்பாக மெட்ரோ இரண்டாம் கட்டப் பணிகள் நடக்கும் சென்னையின் பழைய மகாபலிபுரம் சாலையில்.
வீடு: அது மிச்சம், ஆனால் நீண்டகாலக் குத்தகைக்கு எடுத்த தளங்கள் காலியாகக் கிடக்க, வாடகை நிறுவனத்தின் தலையில் விழுகிறது.

கற்றல்
நிறுவனங்களின் வாதங்களில் எனக்கு நியாயமாகப் படுவது இதுதான்.
அலுவலகம்: புதிதாகச் சேர்ந்தவர் மென்பொருளில் ஒரு பிழையில் சிக்கித் திணறும்போது, பக்கத்து இருக்கை மூத்தவர் திரையை எட்டிப் பார்த்து, "முதலில் லாக் ஃபைலைத் திறந்து பாருங்கள்" (மென்பொருள் இயங்கும்போது நடப்பதைப் பதிந்து வைக்கும் கோப்பு) என்று சொன்னாலே பாதி வழி தெரிந்துவிடும்.
வீடு: அதே கேள்வியை அழைத்துக் கேட்கத் தயங்கி, மணிக்கணக்கில் தனியாக மல்லாடுகிறார்.

கண்காணிப்பு
அலுவலகத்தில் வருகை தெரியும். வீட்டில் விளைவு மட்டுமே தெரியும். விளைவை அளக்கத் தெரியாத மேலாளரே வருகைப்பதிவைப் பிடித்துத் தொங்குகிறார் என்பது என் கருத்து.

ஆகவே, புதியவர்களுக்கும் குழுவாகத் திட்டமிடும் பணிக்கும் அலுவலகமே பொருந்தும். தனித்துச் செய்யும் வேலையில் தேர்ந்தவர்களுக்கும், கைக்குழந்தையையோ முதியோரையோ கவனித்துக்கொள்பவர்களுக்கும் வீடே பொருந்தும். அவர்களைக் கட்டாயப்படுத்தி வரவழைப்பது அநியாயம்.