வீட்டில் பிள்ளைத் துடிப்பு கேட்கும் டாப்ளர்: வாங்கலாமா?

ஐந்துக்கு இரண்டு மதிப்பெண், அதுவும் ஸ்பீக்கருக்காக.

வயிற்றில் வைத்துக் கேட்கும் ஒரு புரோப், சின்னத் திரை, ஒரு குப்பி ஜெல். கீழக்கரைக்கும் மண்டபத்துக்கும் கூரியரில் வீடு தேடி வந்துவிடும். ஜெல்லைத் தாராளமாகப் பூசி, புரோப்பை மெல்லச் சாய்த்துத் தேட வேண்டும். ஜெல் குறைந்தால் இடையில் காற்று நின்று வெறும் கரகரப்புதான் கேட்கும்.

சிக்கல் திரையில் தெரியும் எண்ணில். பிள்ளையின் துடிப்பு நிமிடத்துக்கு 110 முதல் 160. தாய்க்கு 60 முதல் 100. ஆனால் பயம், காய்ச்சல், இரத்தசோகை இருந்தால் தாயின் நாடியும் 120ஐத் தொடும். கர்ப்பப்பை இரத்தக்குழாயின் 'உஷ் உஷ்' சத்தத்தைக் கருவி பிள்ளையுடையதாக எண்ணிவிடும். கேட்கும்போதே மணிக்கட்டில் நாடி பிடித்துப் பாருங்கள். இரண்டும் ஒத்துப்போனால் கேட்டது தாயுடையது.

சரியாகவே பிடித்தாலும், இந்த நிமிடம் துடிப்பு இருக்கிறது என்பதற்கு மேல் அது எதுவும் சொல்லாது. ஏழு மாதத்துக்குப் பிறகு வயிற்றிலேயே பிள்ளை இறப்பதில் பலவற்றுக்கு நஞ்சு, அதாவது பிள்ளைக்கு உணவும் ஆக்சிஜனும் தரும் நஞ்சுக்கொடி, மெல்லச் சோர்ந்துபோவதே பின்னணி: உயர் இரத்த அழுத்தம், கட்டுப்படாத சர்க்கரை, 41 வாரம் தாண்டியும் வலி வராமை. நஞ்சு திடீரெனப் பிரிவது, சிபிலிஸ் போன்ற தொற்று, உள்ளங்கை உள்ளங்கால் அரிப்போடு வரும், கல்லீரலில் பித்தநீர் தேங்கும் கோளாறு ஆகியவையும் உண்டு. இதில் ஒன்றையும் டாப்ளர் காட்டாது. ஆக்சிஜன் குறைந்த பிள்ளை பெரும்பாலும் முதலில் அசைவைத்தான் குறைக்கும். இதயம் நிற்பது கடைசியில். அந்த இடைவெளியில் "அதான் துடிப்பு கேட்குதே" என்று ஒரு ராத்திரி கழிந்துவிடும். ஆஸ்பத்திரியில் பெல்ட் கட்டி 20 நிமிடமாவது எடுக்கும் என்.எஸ்.டி., துடிப்பு ஏறி இறங்கும் விதத்தையே பதியும். வீட்டு டாப்ளர் அதற்கு மாற்று ஆகாது.

அசைவை எண்ணக் காசு வேண்டாம். சாப்பிட்ட பின் இடப்பக்கம் ஒருக்களித்துப் படுங்கள். 2 மணி நேரத்தில் 10 அசைவு வர வேண்டும். வழக்கத்தைவிடக் குறைந்ததாகத் தோன்றினாலே, எண்ணி முடிக்கக் காத்திராமல் 108ஐ அழையுங்கள். ராமேசுவரத்திலிருந்து பாம்பன் பாலம் தாண்டி ராமநாதபுரம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை 50 கிலோமீட்டருக்கு மேல். விடியட்டும் என்று இருந்துவிட இந்தத் தூரமே சாக்காகிவிடும்.

ஏதாவது கருவி வாங்கியே தீர வேண்டுமென்றால், மேல்கையில் கட்டும் பி.பி. மெஷின் வாங்குங்கள், கர்ப்பிணிகளிடம் சோதித்துப் பார்த்த வகையாக. ஐந்து நிமிடம் உட்கார்ந்திருந்து அளக்க வேண்டும். 140/90 தொட்டால், தலைவலி இல்லாவிட்டாலும், அன்றே நர்ஸம்மாவிடம் காட்டுங்கள். 75 கிராம் குளுக்கோஸ் குடித்துப் பார்க்கும் சர்க்கரைச் சோதனையும் சிபிலிஸ் சோதனையும் ஆரம்ப சுகாதார நிலையத்திலேயே இலவசம். மாதத்தின் 9ஆம் தேதி கர்ப்பிணிகளுக்கான சிறப்பு முகாம் உண்டு.