துருவைக் காட்டிப் பயமுறுத்தி பிரேக் டிஸ்க்கை மாற்றுகிறார்கள், கவனம்!

அப்பாவின் காரை ஒரு சர்வீஸ் சென்டரில் விட்டபோது நடந்ததை எழுதுகிறேன். காரை அதிகம் எடுக்காமல் நிறுத்தி வைத்திருப்பவர்கள், முக்கியமாக வயதானவர்கள் தனியாகப் போய் சர்வீஸுக்கு விடும் வீடுகளில் இருப்பவர்கள், தயவுசெய்து முழுசாகப் படியுங்கள்.

அந்தக் கார் ஓடுவதைவிட நிற்பதுதான் அதிகம். வருட சர்வீஸுக்கு விட்டுவிட்டு அப்பா வீட்டுக்கு வந்துவிட்டார். மதியம் அங்கிருந்து போன் வந்தது, கூடவே வாட்ஸ்அப்பில் ஒரு போட்டோ. கழற்றிய வீலுக்குப் பின்னால் செக்கச்செவேலென்று துருப்பிடித்த பிரேக் டிஸ்க், அதாவது சக்கரத்தோடு சேர்ந்து சுற்றும் இரும்புத் தட்டு. “நாலு டிஸ்கும் போயிடுச்சு சார். இப்படியே ஓட்டினா பிரேக் பிடிக்காது, ஏதாவது ஆச்சுன்னா நாங்க பொறுப்பில்ல” என்றிருக்கிறார்கள். பேத்தியை ஏற்றிக்கொண்டு போகிற மனிதரிடம் இப்படிச் சொன்னால் அவர் என்ன செய்வார்? மாற்றச் சொல்லிவிட்டார். நாலு டிஸ்க், நாலு வீலுக்கும் பேட் (டிஸ்க்கை அழுத்திப் பிடிக்கும் கட்டை), கூலி எல்லாம் சேர்ந்து பில் முதலில் சொன்ன தொகையைப் போலப் பல மடங்கு ஆகிவிட்டது.

அந்தப் போட்டோவைப் பெரிதாக்கிப் பார்த்தேன். சக்கர வளைவின் உள்பக்கம் தண்ணீர் சொட்டுச் சொட்டாக நிற்கிறது. வாட்டர் வாஷ் முடித்த பிறகு எடுத்த படம்.

பிரேக் டிஸ்க் என்பது வார்ப்பிரும்பு. பேட் உரசும் பகுதியில் பெயின்ட்டோ பூச்சோ நிற்காது, அதனால் அந்த இடம் வெறும் இரும்பாகவே இருக்கும். மழையில் நனைந்தாலோ கழுவினாலோ சில மணி நேரத்தில் செம்மை படியும். புதுக் காருக்கும் இது வரும். மெதுவாக ஓட்டி நாலைந்து முறை பிரேக் பிடித்தால் பேட் அதைச் சுரண்டி எடுத்துவிடும். முதலில் கரகரவென்று சத்தம் வரும், பிறகு நின்றுவிடும். டிஸ்க்கின் வெளி ஓரத்திலும் நடுக் கிண்ணத்திலும் இருக்கும் துருவுக்கும் பிரேக் பிடிப்பதற்கும் சம்பந்தமே இல்லை, ஏனென்றால் பேட் அங்கே படுவதே கிடையாது. அப்பாவுக்கு வந்த படத்தில் பளிச்சென்று தெரிந்ததில் பாதி இந்த ஓரத் துருதான்.

மாற்றுவதா வேண்டாமா என்பதை முடிவு செய்வது தடிமன். பெரும்பாலான டிஸ்குகளில் அது எந்த அளவுக்குத் தேயலாம் என்ற குறைந்தபட்சத் தடிமன் பொறித்திருக்கும். மைக்ரோமீட்டர் என்ற தடிமன் அளக்கும் கருவியை வைத்து, உரசும் பகுதியில் சுற்றிலும் பல இடங்களில் அளக்க வேண்டும். வெர்னியர் அளவுகோலை மேலிருந்து மாட்டினால் தேயாத ஓரத்து மேடு தட்டி, உள்ளதைவிட அதிகமாகக் காட்டும். செய்த வேலையை எழுதித் தரும் அப்பாவின் ஜாப் கார்டில் ஒரு அளவுகூட இல்லை. துரு என்று ஒரு வார்த்தை, அவ்வளவுதான்.

இதோடு போயிருந்தால் காசு போச்சு என்று விட்டிருப்போம். ஆனால் அடுத்து வந்த நீண்ட பயணத்தில் பிரேக் அடித்தால் ஸ்டீயரிங் உதறியது. இறங்கிப் பார்த்தால் முன்பக்க இடது வீலிடம் கை வைக்க முடியாத சூடு, கருகிய வாடை. பழகிய மெக்கானிக் ஒருவரிடம் காட்டினோம். அவர் வீலைக் கழற்றியதும், பேட்களை டிஸ்கில் அழுத்தும் காலிபரைத்தான் ஆட்டிப் பார்த்தார். அசையவில்லை. “தம்பி, ஸ்லைடு பின் பிடிச்சுக்கிச்சு. இதைப் பார்க்காமலேயே புது பேட் போட்டிருக்காங்க” என்றார்.

நின்றே கிடக்கும் கார்களுக்கு உண்மையில் வரும் கோளாறு இதுதான். காலிபர் பக்கவாட்டில் வழுக்கி நகர்வது அந்தப் பின்களின் மேல்தான். கிரீஸ் காய்ந்து பின்னில் துரு ஏறினால் காலிபர் சிக்கிக்கொள்ளும், உள்பக்க பேட் மட்டும் தேயும், பிரேக்கிலிருந்து காலை எடுத்த பிறகும் பேட் விலகாமல் உரசிக்கொண்டே இருக்கும்.

பழைய பாகங்களை டிக்கியில் வைக்கச் சொல்லி அப்பா கேட்டு வாங்கியிருந்தார். பெரிய புண்ணியம். அந்த இடது வீலின் உள்பக்கப் பழைய பேட், பின்னாலிருக்கும் இரும்புத் தகடு தெரியும் அளவுக்குத் தேய்ந்திருக்க, அதன் ஜோடி பாதிகூடத் தேயவில்லை. அதைக் கழற்றிய கைக்கு அந்த வித்தியாசம் தெரியாமல் இருக்க வழியே இல்லை. மெக்கானிக் பழைய டிஸ்க் ஒன்றை எடுத்துக் கம்பி பிரஷ்ஷால் ஓரத்தைத் தேய்த்தார். துருத் தூள் உதிர உதிர எழுத்து தெரிந்தது: குறைந்தபட்சம் 20 மி.மீ. மைக்ரோமீட்டரைச் சுற்றி வைத்துப் பார்த்தார், எந்த இடத்திலும் 21.5-க்குக் கீழே இறங்கவில்லை. டிஸ்க்கின் உரசும் முகத்தில் குழியோ விரிசலோ இல்லை.

ஸ்டீயரிங் உதறலுக்கும் காரணம் கிடைத்தது. டிஸ்க் உட்காரும் ஹப்பின் முகத்தில் இருந்த துருவைச் சுத்தம் செய்யாமல் அதன் மேலேயே புது டிஸ்கை மாட்டியிருக்கிறார்கள். அங்கே மெல்லிய துருச் செதில் இருந்தாலே போதும், சுற்றும்போது டிஸ்க் பக்கவாட்டில் ஆடும். எந்தத் துரு முக்கியமே இல்லையோ அதைக் காட்டிக் காசு வாங்கியவர்கள், எடுத்தே ஆகவேண்டிய துருவை உள்ளேயே வைத்து மூடியிருக்கிறார்கள். எனக்கு ஆத்திரம் அடங்காதது இதில்தான். உயிர் விஷயம் என்று அவர்கள்தானே சொன்னார்கள்!

எல்லாத் துருவும் சாதாரணம் என்று நான் சொல்லவில்லை. பல மாதம் ஈரத்தில் நின்ற காரில் துரு ஆழமாக அரித்துக் குழி விழுந்திருக்கும், பேட் இருந்த வடிவத்திலேயே தடம் பதிந்திருக்கும். ஓட்டிப் பார்த்தும் அது போகாவிட்டால், தடிமன் மிச்சம் இருந்தால் லேத்தில் கடையலாம், இல்லையென்றால் மாற்றத்தான் வேண்டும். மாற்றினால் ஒரே அச்சின் இரண்டு பக்கமும் சேர்த்து மாற்றுவதுதான் முறை. ஆனால் நாலையும் ஒரே மூச்சில் மாற்றச் சொன்னால் நாலின் அளவையும் எழுதித் தரச் சொல்லுங்கள். காலிபர் பின் நகர்கிறதா, பிரேக் ஆயில் எப்போது மாற்றியது என்றும் கேளுங்கள். வழக்கமான பிரேக் ஆயில் காற்றின் ஈரத்தை இழுக்கும், கார் ஓடாமல் நின்றாலும் இழுக்கும். அதனால்தான் பொதுவாக 2 வருடத்துக்கு ஒருமுறை மாற்றச் சொல்கிறார்கள். அப்பாவின் பில்லில் அது இல்லவே இல்லை.

வீட்டில் செய்யக்கூடியது கொஞ்சம்தான். கழுவியதும் அப்படியே நிறுத்தாமல் ஒரு சுற்று ஓட்டி, பிரேக் பிடித்து ஈரத்தைக் காயவைத்து நிறுத்துங்கள். நெடுநாள் நிற்கப் போகிறதென்றால், சமதளத்தில் கியரில் போட்டு சக்கரத்துக்குக் கட்டை கொடுத்துவிட்டு ஹேண்ட் பிரேக்கை விடுவித்து வையுங்கள். துரு போக என்று டிஸ்கில் எண்ணெயோ ஸ்பிரேயோ அடிக்கவே அடிக்காதீர்கள், பேட் அதை உறிஞ்சிக்கொண்டால் பிரேக் நிஜமாகவே பிடிக்காது.

பழைய டிஸ்க், பேட், அளவெடுத்த போட்டோ எல்லாவற்றையும் வைத்து எழுத்தில் புகார் கொடுத்தோம். பின்களையும் ஹப்பையும் இலவசமாகச் சரிசெய்து தருவதாகப் பதில் வந்தது. அப்பா காரை மறுபடி அங்கே அனுப்பவில்லை, பழகிய மெக்கானிக்கே முடித்துக் கொடுத்தார். டிஸ்க் பணத்தைத் திருப்பித் தர மறுத்துவிட்டார்கள். அதற்காக நுகர்வோர் குறைதீர் ஆணையத்துக்கு மனு தயார் செய்துகொண்டிருக்கிறோம்.