கைமரம், கம்பி, கட்டுமானப் படம்: திருகோணமலை வீட்டுக்கு எந்த மென்பொருள் சரிவரும்?

வீடு கட்டத் தொடங்குகிற பலரின் ஃபோனில் இப்போது ஒரு முப்பரிமாணப் படம் தயாராக இருக்கிறது. சோபா, பூச்சாடி, வாசலில் கார் எல்லாம் உண்டு. அதை மேசனாரிடம் நீட்டினால், “வடிவாத்தான் இருக்கு தம்பி, தூணுக்குக் கம்பி எத்தனை, கைமரம் என்ன சைஸ்?” என்று கேட்பார். தூணின் கம்பிக்கோ, கூரைச் சரிவைத் தாங்கும் கைமரத்துக்கோ படத்தில் பதில் இருக்காது. ஆகவே எது அழகான படம் தருகிறது என்ற பேச்சுக்கே நான் போகவில்லை. கட்டடத்தின் சட்டகத்தை, அதாவது தூண், பீம், கூரை மரம் என்று அதைத் தாங்கும் எலும்புக்கூட்டை, எது ஒழுங்காகக் காட்டுகிறது, வேலைத்தளத்தில் விரித்துவைத்து வேலை செய்யக்கூடிய தாளை எது தருகிறது, இந்த இரண்டையும் மட்டும் பார்ப்போம்.

எல்லா மென்பொருளையும் ஒரே வீட்டில் சோதித்துப் பார்த்தால்தான் நியாயம். உப்புவெளிக்கும் நிலாவெளிக்கும் இடையில் நாம் தினம் பார்க்கிற மாதிரி ஒரு வீடு: மூன்று அறை, முன் விறாந்தை, சீமெந்துக் கல் சுவர், மூலைகளில் கொங்கிரீட் தூண், சுவருக்கு மேலே சுற்றிவர பீம், நாலு பக்கமும் சரிந்த ஓட்டுக் கூரை, பின்னால் தண்ணீர்த் தாங்கி வைக்க ஒரு சின்ன ஸ்லாப்.

முதலில் ஹோம் டிசைனர் புரோ. அமெரிக்காவின் சீஃப் ஆர்க்கிடெக்ட் நிறுவனம் வீட்டுக்காரர்களுக்காகச் செய்கிற வரிசையில் மேல்மட்டப் பதிப்பு இது. சுவரை இழுத்தால் சுவர், கூரையைக் கட்டு என்றால் கூரை, சட்டகத்தைக் கட்டு என்றால் தரை, சுவர், கூரை மூன்றுக்கும் மரச்சட்டகம் தானாக வந்து நிற்கும். முதல்தடவை பார்க்கிறவருக்கு இது மந்திரம்தான். ஆனால் அந்த மந்திரம் வட அமெரிக்க வீட்டுக்கானது. அங்கே சுவரே மரம்: 16 அங்குலத்துக்கு ஒன்றாக நிமிர்த்தி வைத்த நிலைமரம், வெளியே பலகை, உள்ளே ஜிப்சம் தகடு. சுவர் வகையை மாற்றாமல் விட்டால் நம் வீடு முழுக்க நிலைமரம் முளைத்து, பொருள் பட்டியலிலும் அதுவே கணக்காகி வந்துவிடும். கல் சுவர் என்று மாற்றலாம், அது கஷ்டமில்லை. மாற்றியபிறகு சுவர்ச் சட்டகம் என்று மென்பொருளுக்கு வேலையே இல்லாமல் போகிறது, நமக்கு வேண்டிய தூண், பீம் கம்பி விவரமோ அதில் தானாக வராது, கோடு கோடாக நாமே கீற வேண்டும். அதாவது காசு கொடுத்து வாங்கிய முக்கிய வசதியில் நமக்கு மிஞ்சுவது கூரை மட்டும்.

கூரையிலும் கவனம் வேண்டும். 2க்கு 4 என்று அங்கே பெயர் சொல்லும் மரம் காய்ந்து சீவியபின் உண்மையில் 1½க்கு 3½ அங்குலம்தான், மென்பொருளும் அந்த அளவில்தான் கீறும். நாம் மில்லில் அறுத்து எடுக்கும் 4க்கு 2 கிட்டத்தட்ட சொன்ன அளவிலேயே இருக்கும். ஒவ்வொரு மர அளவையும் கையால் மாற்றாவிட்டால் தச்சருக்குப் போகும் படம் பிழை. சரிவும் அப்படித்தான், 12 அங்குலம் போனால் எத்தனை அங்குலம் ஏறும் என்று கேட்கும். 6 என்று கொடுத்தால் ஏறக்குறைய 26½ பாகை, 7 என்றால் 30 பாகைக்குக் கொஞ்சம் மேல். ஓட்டுக்கு இது போதும். ஆனால் அவர்களின் கூரை அடுக்கு கைமரத்துக்கு மேல் பலகை, அதற்கு மேல் சிங்கிள்ஸ் என்ற மெல்லிய தகடுகள். நமக்கோ கைமரத்துக்குக் குறுக்கே அடிக்கும் சலாகை, அதன் மேல் ஓடு. சலாகையை அந்த அடுக்குக்குள் எதிர்பார்க்காதீர்கள்.

இன்னொரு குறை, தாள். பல படங்களை வெவ்வேறு அளவுத்திட்டத்தில் ஒரே தாளில் ஒழுங்காக அடுக்குகிற வசதி சீஃப் ஆர்க்கிடெக்ட்டின் பெரிய பதிப்பான பிரீமியருக்குத்தான் உண்டு. ஹோம் டிசைனரில் கீறியதைப் பிரீமியரில் திறக்கலாம், பிரீமியரில் கீறியதை ஹோம் டிசைனரில் திறக்க முடியாது. இதில் தொடங்குகிறவர் கடைசியில் எந்தப் பக்கம் தள்ளப்படுவார் என்பதைச் சொல்லவேண்டியதில்லை.

முப்பரிமாண மாதிரி கீறும் ஸ்கெட்ச்அப் இதற்கு நேர் எதிர். அதற்குச் சுவர் என்றால் என்ன, கைமரம் என்றால் என்ன என்று எதுவும் தெரியாது. எல்லாம் நீங்கள் வைப்பதுதான். இதைக் குறை என்பார்கள், நம் கூரைக்கு எனக்கு இதுதான் பலமாகத் தெரிகிறது. ஒரு கைமரத்தை 4க்கு 2 என்று கீறி, வளையில் (சுவருக்கு மேல் படுக்கும் மரம்) உட்காரும் வெட்டையும் போட்டு, அதை ஒரு கூறாக ஆக்கி வரிசையாகப் பதித்துவிட்டால், பிறகு ஒன்றைத் திருத்தினால் அத்தனையும் திருந்தும். முகட்டு வளை, தீராந்தி, சலாகை என்று ஒவ்வொன்றையும் தனியாக நிறுத்தி அளக்கலாம். மூலைக்கு ஓடும் கைமரத்தின் நீளத்தைத் தரையில் நின்று ஊகிக்கிற தொல்லை இதில் இல்லை. சுவரிலிருந்து முகட்டுக்குத் தரையளவில் 10 அடி, சரிவு 30 பாகை என்றால் நடுக் கைமரம் தொங்கல் சேர்க்காமல் 11 அடி 6½ அங்குலம், மூலைக் கைமரம் 15 அடி 3 அங்குலத்துக்குச் சற்று மேல், அதன் சரிவோ 22 பாகைதான். இந்த வித்தியாசத்தைக் கணக்கில் எடுக்காமல் மரத்துக்குச் சொன்னால் மூலைக்கு நீளம் காணாது.

இந்தக் கரையில் கூரையைப் பற்றி இவ்வளவு அலட்டிக்கொள்ளக் காரணம் உண்டு. 1978 நவம்பரில் மட்டக்களப்பைப் புரட்டிப்போட்ட சூறாவளிக்குப் பிறகுதான் நாட்டைக் காற்று வேகப்படி மூன்று வலயங்களாகப் பிரித்தார்கள், கிழக்குக் கரை அதில் கடுமையான வலயம். 2020 டிசம்பர் 2ஆம் திகதி இரவு புரெவி சூறாவளி கரையேறியதும் நம் மாவட்டத்துக்குப் பக்கத்தில்தான். பலத்த காற்றில் கூரையை மேலே இழுக்கும் விசையும் உண்டு. ஆகவே சுவர் பீமுக்குள் முன்கூட்டியே பதித்த போல்ட் வளையை எப்படிப் பிடிக்கிறது, வளையோடு கைமரம் எந்தப் பட்டியால் கட்டப்படுகிறது என்ற படம், 1:10 அளவில் பெரிதாக, தச்சர் கையில் இருக்க வேண்டும். இதைத் தானாகக் கட்டித்தரும் பொத்தான் நான் பார்த்த எதிலும் இல்லை, ஸ்கெட்ச்அப்பில் நீங்களே கீறுவது சுலபம், அவ்வளவுதான்.

ஆனால் எந்த ஸ்கெட்ச்அப்? இணையத்தில் ஓடும் இலவசப் பதிப்பில், தாள் போடும் துணை மென்பொருளான லேஅவுட் கிடையாது, துணைச் செருகிகளும் போட முடியாது. கணினியில் நிறுவும் இலவசப் பதிப்பு 2017ஓடு முடிந்தது. லேஅவுட் வேண்டுமென்றால் புரோ, அதாவது வருடச் சந்தா, டொலரில். அந்த லேஅவுட்டில்தான் மாதிரியை வெவ்வேறு அளவுத்திட்டத்தில் தாளில் பதித்து, அடி அங்குலத்தில் அளவெழுதி, மாதிரி மாறினால் தாளையும் புதுப்பிக்க முடியும். அடி அங்குலம் முக்கியம், மில்லிமீற்றரில் 2743 என்று எழுதிக் கொடுத்தால் வேலைத்தளத்தில் யாராவது கல்குலேட்டரைத் தேட வேண்டும், 9 அடி என்றால் வேலை நடக்கும். மாதிரி பாரமானால் லேஅவுட் இழுத்து இழுத்து ஓடும் என்பதையும் சொல்லிவிட வேண்டும். பழைய மடிக்கணினியில் பொறுமை போய்விடும்.

இனி சபைக்குக் கொடுக்கும் பிளான். அங்கே முப்பரிமாணம் ஒன்றுக்கும் உதவாது. காணியின் எல்லை, வீதியிலிருந்து தூரம், தளப்படம், முகப்பு, வெட்டுமுகம், மலக்குழியும் கிணறும் இருக்கிற இடம், இவைதான் வேண்டும். கடலிலிருந்து 300 மீற்றருக்குள் என்றால் கரையோரத் திணைக்களத்தின் அனுமதி வேறு. நிலாவெளிப் பக்கம் இது பலருக்குப் பொருந்தும். இந்த வேலையில், தட்டையான கோட்டுப் படம் கீறும் ஓட்டோகாட் எல்டியை அடிக்க ஒன்றும் இல்லை. நில அளவையாளர் டிடபிள்யூஜி கோப்பாகத் தந்தால் அப்படியே திறக்கும், படவரைஞர்களுக்கெல்லாம் பழகியது, 8 அடிக்கு 1 அங்குலம் என்று கேட்டாலும் 1:100 என்று கேட்டாலும் துல்லியமாக வரும். அதன் வியாதி என்னவென்றால் எல்லாம் வெறும் கோடு. தளப்படத்தில் ஜன்னலை நகர்த்தினால் முகப்பில் நகராது, அட்டவணையில் மாறாது, நீங்கள்தான் ஓடி ஓடி மாற்ற வேண்டும். எல்டியும் சந்தாதான். அதனால்தான் ஊரில் பல கணினிகளில் கிராக், அதாவது பூட்டுடைத்த திருட்டுப் பதிப்பு, ஓடுகிறது, அந்தக் கதையை விடுவோம்.

கிராக்குக்குப் பதில் லிப்ரேகாட்டை எடுங்கள். இலவசம், சின்னக் கணினியிலும் பறக்கும், தளப்படமும் வெட்டுமுகமும் தாராளமாகக் கீறலாம். ஆனால் டிஎக்ஸ்எஃப்தான் அதன் கோப்பு, டிடபிள்யூஜியாகச் சேமிக்காது. பொறியியலாளருக்கு அனுப்பும்முன் டிஎக்ஸ்எஃப் பரவாயில்லையா என்று ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ளுங்கள்.

ஸ்வீட் ஹோம் 3டி பற்றிக் கேட்பவர்களுக்கு: அறைக்குள் கட்டில் கொள்ளுமா என்று பார்க்க நல்லது. சட்டகம் கிடையாது. அடுத்ததைப் பார்ப்போம்.

மாடி வைக்கப் போகிறீர்கள் என்றால் பேச்சு மாறுகிறது. அப்போது கூரையை விடக் கொங்கிரீட் பெரிய செலவு, அங்கே, முழுக் கட்டடத்தையும் முப்பரிமாண மாதிரியாகக் கட்டும் ரெவிட்டுக்குக் கிட்ட இந்த வரிசையில் வேறொன்று இல்லை. தூணுக்குள் கம்பியையும் வளையத்தையும் உண்மையாகவே வைக்கலாம், கம்பியை மூடும் கொங்கிரீட்டின் தடிப்பை விதியாகக் கொடுக்கலாம், கம்பி அட்டவணை மாதிரியிலிருந்தே வரும். உப்புக்காற்றில் அந்தத் தடிப்பு குறைந்தால் சில வருடங்களில் கம்பி துருப்பிடித்துக் கொங்கிரீட்டைப் பிளந்துவிடும் என்பது கடற்கரை வீட்டுக்காரருக்குத் தெரிந்ததே, எவ்வளவு வேண்டும் என்பதைப் பொறியியலாளர் சொல்லட்டும். ஆனால் ரெவிட் விண்டோஸில் மட்டும்தான் ஓடும், நல்ல கணினி கேட்கும், புதிய பதிப்பில் சேமித்ததைப் பழைய பதிப்பில் திறக்க முடியாது. ஒரு வீட்டுக்காக இதைப் படிக்க உட்காருவது வீண். மாணவர்களுக்குக் கல்வி உரிமம் இலவசமாகக் கிடைப்பதால், வீட்டில் கட்டடத்துறை படிக்கும் தம்பியோ தங்கச்சியோ இருந்தால் அவர்கள் பழகுவதற்கு எடுக்கலாம், காசுக்குச் செய்யும் வேலைக்கு அந்த உரிமம் செல்லாது.

அந்த இடத்தைக் காசில்லாமல் நிரப்பப் பார்ப்பது ஃப்ரீகாட். 2024 நவம்பரில் வந்த 1.0 பதிப்பில் கட்டடப் பகுதியை ஒன்றாகக் கோத்திருக்கிறார்கள், கம்பி வைக்கும் கருவி உண்டு, டெக்டிரா என்ற பகுதியில் தாள் போடலாம். முன்பெல்லாம் ஒரு முகத்தைத் திருத்தினால் அதோடு தொடர்புள்ள வேறு பாகங்கள் உடைந்துபோகும், 1.0இல் அது நன்றாகக் குறைந்திருக்கிறது. இருந்தாலும் பழகுவது கடினம். ஸ்கெட்ச்அப்பில் கொஞ்ச நேரத்தில் நிற்கும் கூரை இதில் ஒரு பின்னேரத்தையே விழுங்கும்.

ஒன்றைத்தான் எடு என்றால் இந்த வீட்டுக்கு நான் எடுப்பது ஸ்கெட்ச்அப் புரோவும் லேஅவுட்டும், சபைப் பிளானை மட்டும் படவரைஞரிடம் விட்டுவிடுவேன், எப்படியும் அதில் தகுதியுள்ளவர் கையெழுத்து வேண்டும். சந்தா கட்ட மனமில்லாதவருக்கு லிப்ரேகாட், கூடவே கூரையைப் பார்க்க ஸ்கெட்ச்அப்பின் இலவசப் பதிப்பு. ஹோம் டிசைனர் புரோவை, வீட்டாரோடு உட்கார்ந்து அறைகளை மாற்றி மாற்றிப் பார்க்க வேண்டும் என்றால் வாங்குங்கள், சட்டகத்துக்காக வாங்காதீர்கள். இவற்றில் எதில் பீமைக் கீறினாலும் அந்தப் பீம் தாங்குமா என்ற கணக்கு அதில் தானாக வராது, அதற்குப் பொறியியலாளரிடம்தான் போக வேண்டும்.

எதில் கீறினாலும் பிரிண்ட் எடுக்கும்போது கடைக்காரர் ‘தாளுக்குள் அடக்கு’ என்று அழுத்துகிறாரா என்று பக்கத்தில் நின்று பாருங்கள். ஏ1 தாளுக்குப் போட்ட 1:100 படம் ஏ3க்குச் சுருங்கினால் 1:200 ஆகிவிடும், மூலையில் எழுதியிருப்பது மட்டும் 1:100 என்றே நிற்கும். ஒவ்வொரு தாளிலும் ஓர் அளவுக்கோட்டைக் கீறி வையுங்கள், தாள் சுருங்கினால் அதுவும் சேர்ந்து சுருங்கும்.