மூடி திறக்க எது நல்லது: ரப்பர் துண்டா, அலமாரி அடியில் மாட்டுவதா, பேட்டரியா?

இரண்டு வருடமாக எனக்கு முடக்குவாதம். காலையில் எழுந்து ஒரு மணி நேரம் விரல்கள் சரியாக மடங்காது. கட்டைவிரலின் அடி மூட்டு நாள் முழுக்க வலிக்கும். பெங்களூரு அல்சூரில் எங்கள் வீட்டில் பகலில் நான் மட்டும்தான். ஒரு நாள் தக்காளித் தொக்கு பாட்டில் ஒன்றைத் தூக்கிக்கொண்டு வாட்ச்மேனிடம் போய்த் திறந்து வாங்கி வந்தேன். என் சமையலுக்கு இன்னொருவர் கை வரும்வரை காத்திருப்பது எனக்குப் பொறுக்கவில்லை. அதன் பிறகுதான் இந்தக் கருவிகளைத் தேடினேன்.

ரப்பர் துண்டு சுலபம், மலிவு. பழைய சைக்கிள் டியூபை வெட்டினாலும் போதும். ஆனால் அது மூடி வழுக்காமல் பார்த்துக்கொள்ளும், அவ்வளவுதான். இறுக்கிப் பிடிப்பது என் விரல்தானே? அந்த விரல்தான் வலிக்கிறது.

புதுப் பாட்டில் திறக்காததற்குக் காரணம் இறுக்கம் மட்டும் இல்லை. உள்ளே காற்று குறைவாக இருப்பதால் வெளிக்காற்று மூடியை அமுக்குகிறது. ஒரு சதுர சென்டிமீட்டருக்குச் சுமார் 1 கிலோ. 7 செ.மீ. அகல மூடியின் பரப்பு 38 சதுர செ.மீ.; பாதி வெற்றிடம் என்று வைத்தாலும் 19 கிலோ அழுத்தம் வரும். அதனால் எந்தக் கருவி வாங்கினாலும், முதலில் கரண்டிக் காம்பை மூடியின் ஓரத்தில் செருகி மெல்ல நெம்பிவிடுங்கள். 'டப்' என்று சத்தம் கேட்டால் பாதி வேலை முடிந்தது.

நான் வாங்கியது அலமாரி அடியில் திருகாணி போட்டு மாட்டும் 'வி' வடிவக் கருவி. உள்பக்கம் பல் பல்லாக இருக்கும். மூடியை அதன் இடுக்கில் செருகிப் பாட்டிலைத் திருப்ப வேண்டும். இதைத் தேர்ந்தெடுத்ததற்கு ஒரே காரணம், இன்னொரு கை. நீளக் கைப்பிடி வைத்த கருவிகள் மூடியை நன்றாகத் திருப்பும், ஆனால் பாட்டிலை யார் பிடிப்பது? ஒரு கையின் வலி இன்னொரு கைக்குப் போகும். இதில் மூடியை அலமாரி அடியில் மாட்டிய கருவியே பிடித்துக்கொள்கிறது. எனக்கு இரண்டு கையும் பாட்டிலுக்கு. விரலை மடக்காமல் இரண்டு உள்ளங்கையாலும் அணைத்து, தோளையும் சேர்த்துத் திருப்புகிறேன். வலி இல்லை என்று சொல்ல மாட்டேன், ஆனால் கட்டைவிரலுக்கு வேலையே இல்லை.

பழக ஒரு வாரம் ஆனது. இங்கே சுழல்வது பாட்டில் என்பதால், மூடியைத் திறக்கும் பக்கத்துக்கு நேர் எதிராகத் திருப்ப வேண்டும். மூடி கழன்றதும் பாட்டிலின் கனம் சட்டென்று கைக்கு வரும். கீழே மேடையில் ஒரு துண்டை மடித்துப் போட்டுவிடுங்கள். அப்புறம் மாட்டுவது. எங்கள் அலமாரி கடப்பாக்கல், அதில் திருகாணி இறங்காது. ஆசாரி ஒரு மரப்பலகையை முதலில் பொருத்தி அதில் மாட்டிக் கொடுத்தார். வாடகை வீடு, ஓட்டை போட ஓனரிடம் முன்கூட்டியே கேட்டுக்கொண்டோம்.

பேட்டரி கருவியை மகள் வீட்டில் இரண்டு வாரம்தான் பயன்படுத்தினேன், அதனால் எவ்வளவு நாள் உழைக்கும் என்று சொல்ல முடியாது. மேலே வைத்துப் பொத்தானை அமுக்கினால் மூடியையும் பாட்டிலையும் தானே கவ்விக்கொள்கிறது. இரண்டு கையும் தேவையில்லை, ஒரு கை போதும். ஒரு கை அசைவே இல்லாதவர்களுக்கு இதைத்தான் சொல்வேன். எனக்குத் தயக்கம் பேட்டரி மாற்றுவதில். அந்தச் சின்ன மூடியை நகத்தால் தள்ளித் திறக்க வேண்டும், அது என்னால் முடியவில்லை. அகலமான ஊறுகாய் ஜாடியும் அதில் அடங்கவில்லை.

இவை எதுவும் பால் பாக்கெட்டுக்கு உதவாது. அதற்கு, விட்டதும் தானே விரியும் ஸ்பிரிங் கத்தரிக்கோல் வைத்திருக்கிறேன்.

ஒரு முறை திறந்த பாட்டிலில் வெற்றிடம் இருக்காது. அடுத்த முறை கஷ்டப்படுத்துவது, மூடியவர் எவ்வளவு இறுக்கினார் என்பதுதான். என் கணவரிடம் சொல்லிவிட்டேன், நான் பகலில் எடுக்கிற பாட்டிலை நான்தான் மூடுவேன் என்று.