பெசன்ட் நகர் எட்டு வீடா, ஓ.எம்.ஆர். முப்பது மாடியா?

சென்னையில் கடல் பக்கம் ஃபிளாட்டில் பணம் போட நினைப்பவர்கள் கடைசியில் வந்து நிற்பது இந்தக் கேள்வியில்தான். பெசன்ட் நகர், திருவான்மியூர் உள்தெருக்களில் பழைய வீட்டை இடித்துவிட்டு, தரையில் தூண்களுக்கு நடுவே கார் நிறுத்தும் ஸ்டில்ட் பார்க்கிங், மேலே நாலு மாடி, மாடிக்கு இரண்டு வீடு என்று எழும் ‘பொட்டீக்’ குடியிருப்பு ஒரு பக்கம். அதே பணத்துக்கு ஓ.எம்.ஆரில், அதாவது பழைய மகாபலிபுரம் சாலையில், உயரமான டவர் ஒன்றில் இதைவிடப் பெரிய வீடு, நீச்சல்குளம், கிளப் ஹவுஸ் எல்லாம் கிடைக்கும் என்பது இன்னொரு பக்கம்.

பிரோஷரில் நீச்சல்குளம் முழுப் பக்கத்துக்கு இருக்கும், யூ.டி.எஸ்., அதாவது உங்கள் பேருக்கு வரும் பிரிபடாத நிலப் பங்கு, பொடி எழுத்தில் ஏதோ மூலையில் இருக்கும். நான் முதலில் அதைத்தான் தேடுவேன். 2019 கட்டட விதிகளின்படி 18.30 மீட்டர் உயரத்துக்குள் அடங்கும் கட்டடத்துக்கு எஃப்.எஸ்.ஐ., அதாவது மனைப் பரப்பைப் போல எத்தனை மடங்கு கட்டலாம் என்ற கணக்கு, 2; அகலமான சாலையில் அதற்கு மேல் உயரும் கட்டடத்துக்கு 3.25. இரண்டு கிரவுண்டு, அதாவது 4,800 சதுர அடி மனையில் 9,600 சதுர அடி கட்டலாம். எட்டு வீடு என்றால் வீடு 1,200, நிலம் 600. அதே 1,200 சதுர அடி வீட்டை டவரில் வாங்கினால் நிலம் 370 சதுர அடிதான் தேறும். பில்டர் பணம் கட்டிக் கூடுதலாகக் கட்டும் உரிமையை (பிரீமியம் எஃப்.எஸ்.ஐ.) வாங்கியிருந்தால் இரண்டு இடத்திலும் இன்னும் குறையும்.

இது ஏன் இவ்வளவு முக்கியம்? திருவான்மியூரில் முப்பது வயதுக் கட்டடம் ஒன்றைப் பார்க்கப் போனேன். பால்கனியின் அடியில் கை வைத்ததும் சிமெண்டு பொருக்குப் பொருக்காகக் கையோடு வந்தது. உள்ளே கம்பி துருவேறி மெலிந்து கிடந்தது. ஜன்னல் கிரில்லை மூன்று தரம் மாற்றியாயிற்று என்றார் அந்த வீட்டம்மா. உப்புக் காற்றில் கட்டடத்தின் ஆயுள் அவ்வளவுதான். பின்னாளில் அதை இடிக்கும்போது பில்டர் விலை பேசுவது நிலத்துக்குத்தான். 2024-இல் நடைமுறைக்கு வந்த அடுக்குமாடிக் குடியிருப்பு உரிமைச் சட்டப்படி மூன்றில் இரண்டு பங்கு உரிமையாளர்கள் சம்மதித்தால் மறுகட்டுமானம் செய்யலாம். எட்டு வீட்டில் ஆறு பேரை ஒரு ஞாயிற்றுக்கிழமை காபியோடு உட்கார வைத்துப் பேசிவிடலாம். நானூறு வீட்டில்?

ஆனால் சின்னக் கட்டடத்தில் ஒரு பெரிய ஓட்டை உண்டு. நிலம் 500 சதுர மீட்டரைத் தாண்டாவிட்டால், அல்லது வீடுகள் எட்டைத் தாண்டாவிட்டால், ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறை ஆணையமான ரெராவில் பதிய வேண்டிய கட்டாயமில்லை. இரண்டு கிரவுண்டு என்பது ஏறக்குறைய 446 சதுர மீட்டர்! டவரில் வாங்குபவர் திட்டத்தின் அனுமதி, முடியும் தேதி எல்லாவற்றையும் ரெரா இணையதளத்திலேயே பார்த்துக்கொள்ளலாம். இங்கே உங்களுக்குப் பாதுகாப்பு உங்கள் வக்கீல் மட்டும்தான். போதாததற்கு இவை பெரும்பாலும் ஜே.வி., அதாவது கூட்டுத் திட்டம்; நிலத்துக்காரருக்குப் பாதி வீடு, பில்டருக்குப் பாதி. பில்டர் பங்கில் வாங்கினாலும் பத்திரத்தில் நிலத்துக்காரர்கள் அத்தனை பேரின் கையெழுத்தோ, அவர்கள் சார்பில் கையெழுத்துப் போட அதிகாரம் தரும் பவர் பத்திரமோ வேண்டும். மனை கடலிலிருந்து 500 மீட்டருக்குள் இருந்தால் கடற்கரை ஒழுங்குமுறை மண்டல அனுமதியையும் கேட்டுப் பாருங்கள்.

வாடகை என்று வந்தால் ஓ.எம்.ஆர். பக்கம்தான் தட்டு தாழும். ஐ.டி. கம்பெனிகள் பக்கத்திலேயே, 2023-க்குள் சுங்கச்சாவடிகளையும் எடுத்துவிட்டார்கள், சிறுசேரி வரை மெட்ரோ வேலை நடக்கிறது. ஆள் கிடைப்பது சுலபம், வாடகையை ஏற்றுவதுதான் கஷ்டம். அதே வளாகத்தில், அதே மாதிரி வீட்டை வாடகைக்கு விட்டுவிட்டு உங்களைப் போலவே காத்திருப்பவர்கள் எத்தனையோ பேர். அப்புறம் தண்ணீர். காலை ஆறு மணிக்குப் பெரும்பாக்கம் பக்கம் ஒரு வளாகத்தின் வாசலில் நின்று பாருங்கள், லாரிகள் வரிசையில் நிற்கும். அந்தச் செலவெல்லாம் மெயின்டனன்ஸில்தான் வந்து விழும். மழைக்காலத்தில் கதை நேர்மாறு. பள்ளிக்கரணை சதுப்பு நிலம் 2022-இல் சர்வதேச முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலங்களின் ராம்சார் பட்டியலில் சேர்ந்தது. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போது அதைச் சுற்றிய பகுதிகளில் தண்ணீர் நின்றதை மறந்திருக்க மாட்டீர்கள். அந்தச் சுற்றுவட்டாரத்தில் வாங்குவதாக இருந்தால், மனை சதுப்பு நிலத்துக்குள் வருகிறதா என்று சர்வே எண்ணைச் சரிபார்க்காமல் அட்வான்ஸ் கொடுக்காதீர்கள்.

எட்டு வீட்டிலும் மெயின்டனன்ஸ் தலைவலி உண்டு. லிஃப்ட் மோட்டார் போனால் பில்லை எட்டாகத்தான் பிரிக்க வேண்டும், அதிலும் முதல் மாடிக்காரர்கள் இருவர், "எங்களுக்கு லிஃப்ட் எதுக்கு?" என்பார்கள்.

மூன்றாவது வழி ஒன்றைச் சிலர் சத்தமில்லாமல் செய்கிறார்கள்: எஃப்.எஸ்.ஐ. 1.5 ஆக இருந்த காலத்துப் பழைய ஃபிளாட்டை வாங்கிப் போட்டு, அதை இடித்துக் கட்டும் நாளுக்காகக் காத்திருப்பது. 1,200 சதுர அடி வீட்டுக்கு 800 சதுர அடி நிலம். வங்கிக் கடன் கிடைப்பது சிரமம்; கையில் காசு உள்ளவர்களுக்கே சரிப்படும்.

என் ஓட்டு எட்டு வீட்டுக்குத்தான், ஆனால் பத்து வருஷம் காத்திருக்க முடிந்தவர்களுக்கு மட்டும். மாதாமாதம் வாடகை வந்துதான் கடன் தவணை கட்ட வேண்டும் என்பவர்கள் ஓ.எம்.ஆரைப் பாருங்கள். பெசன்ட் நகரில் நான் பேசிவைத்திருக்கும் கட்டடத்தில் இரண்டாம் மாடி வீடு ஒன்று இன்னும் மிச்சம். நிலத்துக்காரர்கள் அண்ணன் தம்பி நாலு பேர், மூன்றாமவர் சிட்னியில். அவருடைய பவர் பத்திரம் வரும்வரை செக் என் மேஜை டிராயரில்தான் இருக்கிறது.