‘கட்டிங், வெல்டிங், பிரேசிங் மூன்றும் எல்பிஜியிலேயே ஓடும்’ – இப்படிச் சொல்லி விற்கும் டார்ச் செட்டை வாங்காதீர்கள்

ஏப்ரல் 15-இல் மீன்பிடித் தடைக்காலம் தொடங்கும். அதற்கு முன்பே மண்டபம், பாம்பன், தொண்டிப் பக்கம் டார்ச் செட் (கேஸ் சுடரில் இரும்பை வெட்டவும் ஒட்டவும் உதவும் கருவித் தொகுப்பு) விற்பவர்கள் வேனோடு வந்துவிடுகிறார்கள். 61 நாள் விசைப்படகு கடலுக்குப் போகாது. வின்ச், சைலன்சர், நங்கூரம், டீசல் பைப் என்று வேலை குவியும். புதிதாகப் பட்டறை போடுகிறவர்கள் அவசரத்தில் வாங்குவார்கள் என்பது அவர்களுக்கு நன்றாகத் தெரியும். பாம்பன் பக்கம் முதல்முறை கடை போட்ட ஒரு தம்பியின் தலையில் 7,800 ரூபாய்க்கு இப்படி ஒரு செட்டைக் கட்டிவிட்டுப் போயிருக்கிறார்கள். அதைப் பிரித்துப் பார்த்ததில் கண்டவைதான் கீழே இருப்பவை. விற்றவர் பெயரைப் போட்டுப் பயனில்லை, ஒரே பெட்டி ஊருக்கு ஒரு ஸ்டிக்கரில் வருகிறது.

விற்கும்போது செய்துகாட்டியதில் பொய் எதுவும் இல்லை. எல்பிஜியும் ஆக்சிஜனும் வைத்து 6 மி.மீ. பட்டையை வெட்டிக் காட்டினார்கள், செம்புக் குழாயைப் பிரேசிங் (குழாயை உருக்காமல் ராடை மட்டும் உருக்கி ஒட்டுவது) செய்து காட்டினார்கள். இரண்டும் எல்பிஜியில் நன்றாகவே வரும். வெல்டிங்கை மட்டும் காட்டவில்லை, “தலையை மாத்துனா போதும் தம்பி” என்று வாயால் சொன்னதோடு சரி. அந்தத் தம்பி 2 மி.மீ. சைலன்சர் குழாயில் வெல்டிங் வைத்தபோது உருகிய இரும்பு நுரைத்துப் பொங்கியது, ஆறியதும் பொத்தல் பொத்தலாக நின்றது, சுத்தியலால் ஒரு தட்டுக்கே விரிசல் விட்டது. போனில் கேட்டால், “கை பழகணும்ல, பழகப் பழக வந்துரும்.”

எத்தனை வருஷம் பழகினாலும் வராது. கேஸ் வெல்டிங்குக்கு வழக்கமாக எரிப்பது அசிட்டிலின் கேஸ். அந்தச் சுடரின் உள்கூம்பில் ஆக்சிஜனும் அசிட்டிலினும் ஏறக்குறைய சமஅளவில் எரிந்து கார்பன் மோனாக்சைடும் ஹைட்ரஜனுமாக வெளிவரும். அந்த இரண்டும் உருகிய இரும்பை மூடி, காற்று தொடாமல் காக்கும். எல்பிஜி சுடருக்கு இந்தப் போர்வை கிடையாது. அதன் சூட்டில் பெரும்பங்கு வெளிச்சுடரில் பரவிக் கிடக்கிறது, உச்சச் சூடும் 2,800 டிகிரி அளவில்தான். அசிட்டிலினில் 3,100 டிகிரியை ஒட்டி வரும். எல்பிஜியில் சூட்டை ஏற்ற ஆக்சிஜனைத் திறந்தால் இரும்பே எரிய ஆரம்பிக்கும், குறைத்தால் உருகாது. இரும்பில் கேஸ் வெல்டிங் வேண்டுமென்றால் டி.ஏ. (கரைத்த அசிட்டிலின்) சிலிண்டர்தான், வேறு வழியில்லை.

இன்னொரு கணக்கையும் விற்பவர் சொல்வதில்லை. எல்பிஜி ஒரு பங்கு எரிய டார்ச் வழியாக ஏறக்குறைய நான்கு பங்கு ஆக்சிஜன் போக வேண்டும், அசிட்டிலினுக்கு ஒரு பங்குக்குச் சற்று மேல் போதும். எல்பிஜி விலை குறைவுதான், ஆனால் 7 கன மீட்டர் ஆக்சிஜன் சிலிண்டர் சீக்கிரம் காலியாகும். பாலம் தாண்டி ராமேஸ்வரத்துக்கு ஏற்றிவரும் வாடகையையும் சேர்த்துப் பாருங்கள். வெட்டுவது மட்டுமே வேலை என்றால் அப்போதும் எல்பிஜி கட்டுப்படியாகும்.

“எஸ்.எஸ். ஷாஃப்டும் வெட்டும்” (துருப்பிடிக்காத எஃகுத் தண்டு) என்று சொன்னதும் பொய். கட்டர் (வெட்டும் டார்ச்) இரும்பை உருக்கி வெட்டுவதில்லை, செக்கச் சிவந்த இரும்பை ஆக்சிஜனில் எரித்து ஊதித் தள்ளுகிறது. எஸ்.எஸ்-இல் இருக்கும் குரோமியம் எரியாத ஓடாகப் படிந்து ஆக்சிஜனை மறித்துவிடும். அலுமினியமும் வார்ப்பிரும்பும்கூட இதில் சரியாக வெட்டுப்படாது.

அடுத்து நாசில், அதாவது சுடர் வெளிவரும் முனை. அசிட்டிலின் கட்டிங் நாசில் ஒரே துண்டு, முகத்தில் நடுவே ஒரு துளை, சுற்றிலும் சிறு துளைகள். எல்பிஜி நாசில் இரண்டு துண்டு. வெளிக்கூட்டைக் கழற்றினால் உள்ளே பல்பல்லாக வரி வெட்டிய பித்தளைத் துண்டு இருக்கும், அதன் முனை வெளிக்கூட்டின் விளிம்புக்குச் சற்று உள்ளே அமர்ந்திருக்கும். இந்தச் செட்டில் ‘அசிட்டிலினுக்கு’ என்று கொடுத்த நாசிலும் இரண்டு துண்டுதான்! அதை டி.ஏ-வில் போட்டதும் பட் பட் என்று பேக்ஃபயர் அடித்திருக்கிறது (சுடர் நாசிலுக்குள் வாங்கி வெடிப்பது). வெல்டிங் நாசில்கள் 1 முதல் 10 வரை எண் பொறித்து ஐந்து கிடந்தன. வெளிச்சத்துக்கு நேரே பிடித்தால் மூன்றில் துளை ஒரே அளவு, ஒன்றில் துளை மையம் விலகிக் கோணலாக. எண் 2 என்றால் சுமார் 1.2 மி.மீ. தகட்டுக்கு, 3 என்றால் 2 மி.மீ., 5 என்றால் 2.6 மி.மீ. எண் ஏற ஏறத் துளையும் கண்ணுக்குத் தெரியும்படி பெரிதாக வேண்டும்.

சிலிண்டர் அழுத்தத்தைக் குறைத்துத் தரும் ரெகுலேட்டர்தான் இதில் மிக மோசம். மஞ்சளாகப் பளபளத்த உடம்பின் அடிப்பக்கம் அரத்தால் ஒரு இழுப்பு இழுத்தால் வெள்ளைச் சாம்பல் நிறம் தெரிந்தது. துத்தநாக வார்ப்புக்குப் பித்தளை முலாம். உப்புக்காற்றில் முலாம் பூத்துப்போகும், இழை தேய்ந்து நட் வழுக்கும். பின்னால் இருப்பது சதுர செ.மீ-க்கு 150 கிலோ அழுத்தம் என்பதை மறக்க வேண்டாம். நிஜப் பித்தளை என்றால் அரம் பட்ட இடமும் மஞ்சளாகவே இருக்கும், கையில் கனமும் தெரியும். அரம் போட விடாத கடையில் வாங்காதீர்கள். அடுத்த சோதனைக்கு, அழுத்தத் திருகை முழுக்கத் தளர்த்திவிட்டுச் சிலிண்டர் வால்வை மெல்லத் திறக்க வேண்டும். ரெகுலேட்டருக்கு நேர் எதிரே நிற்கக் கூடாது. வெளி மீட்டர் சுழியத்திலேயே நிற்க வேண்டும். பிறகு டார்ச் வால்வு மூடியிருக்க 2 கிலோ வைத்து ஐந்து நிமிடம் பாருங்கள். இந்த ரெகுலேட்டரில் முள் தானாக 3-ஐத் தாண்டிப் போனது, அதாவது உள் சீட் அடைக்கவில்லை. அசிட்டிலின் பக்கம் இதே கோளாறு இருந்தால் ஆபத்து பல மடங்கு. ஹோஸில் (கேஸ் போகும் குழாயில்) அழுத்தம் 1 கிலோவுக்கு மேல் போனால், ஆக்சிஜன் இல்லாமலே தானாகச் சிதைந்து வெடிக்கக்கூடிய கேஸ் அசிட்டிலின்.

இணைப்பு கசிகிறது என்றதற்கு விற்றவர் சொன்ன வைத்தியம் டேப் சுற்றி, கொஞ்சம் எண்ணெய் தடவு என்பது. சிலிண்டர் இணைப்பு இழையில் அடைப்பதில்லை, ரெகுலேட்டரின் உருண்டை மூக்கு சிலிண்டர் வால்வுக்குள் போய் உட்காருவதால் அடைக்கிறது. மூக்கில் வடு இருந்தால் டேப் எதையும் காப்பாற்றாது. எண்ணெய், கிரீஸ் அழுத்தமான ஆக்சிஜனில் தீப்பொறி இல்லாமலே பற்றும். என்ஜினைத் தொட்ட டீசல் கையோடு ஆக்சிஜன் ரெகுலேட்டரைத் தொடவே கூடாது. கசிவைச் சோப்புத் தண்ணீரில் மட்டும் பாருங்கள்.

ஃப்ளாஷ்பேக் அரெஸ்டர் (டார்ச்சிலிருந்து ஹோஸ் வழியே திரும்பிவரும் தீயை நிறுத்தும் கருவி) என்று காசு வாங்கிக்கொண்டு கொடுத்தது விரல் நீளப் பித்தளைத் துண்டு. பிரித்தால் உள்ளே ஒரு ஸ்பிரிங், ஒரு ரப்பர் மூடி, அவ்வளவுதான். அது திரும்பிவரும் கேஸைத் தடுக்கும் வால்வு, திரும்பிவரும் தீயை நிறுத்தாது. அரெஸ்டரில் தீயை அணைக்கும் துளைமய உலோக உருளை இருக்கும், உடம்பும் பருமனாக இருக்கும். இரண்டு ரெகுலேட்டர் வாயிலும் ஒவ்வொன்று கட்டாயம். டார்ச் பக்கம் திருப்புத்தடை வால்வு இருந்தால் நல்லது.

ஹோஸ் சாதாரண பிவிசி, முனையில் கட்டுக்கம்பி. ரப்பர் ஹோஸில் நெடுக ஐ.எஸ். 447 என்று இந்தியத் தர எண் அச்சாகி ஓடும். ஆக்சிஜனுக்கு நீலம், பழைய சரக்கில் கறுப்பு. அசிட்டிலினுக்குச் சிவப்பு. எல்பிஜிக்கு ஆரஞ்சு, அசிட்டிலின் ஹோஸில் எல்பிஜி ஓட்டினால் ரப்பர் உள்ளிருந்து இளகிவிடும். எரிகேஸ் நட்டில் வெட்டு இருக்கும், அது இடப்பக்கம் திருகினால்தான் இறுகும்.

முதல் செட்டாக வாங்க வேண்டியது சின்னதுதான். ஐ.எஸ். 6901 முத்திரையுள்ள ஆக்சிஜன், டி.ஏ. ரெகுலேட்டர் தலா ஒன்று, ஐ.எஸ். 7653 வெல்டிங் டார்ச்சோடு நாசில் 2, 3, 5. தனிக் கட்டர் ஒன்று, அதற்கு நாசில் 1/32 அங்குலம் (3–6 மி.மீ. தகட்டுக்கு), 3/64 (5–12 மி.மீ.), 1/16 (அதற்கு மேல்). 12 மி.மீ. இரும்புக்கு 3/64-இல் ஆக்சிஜன் 2 கிலோவை ஒட்டி வைத்தால் போதும், அசிட்டிலின் 0.15. வெல்டிங் டார்ச்சிலேயே பித்தளை ராடும் வெங்காரமும் வைத்துப் பிரேசிங் செய்யலாம். முத்திரைக்குக் கீழே இருக்கும் சி.எம்./எல். எண்ணை (உரிம எண்) இந்தியத் தர நிறுவனத்தின் ‘பிஐஎஸ் கேர்’ செயலியில் அடித்துப் பாருங்கள். இந்தச் செட்டின் எண் எதற்கும் பொருந்தவில்லை.

சிலிண்டரையும் சேர்த்து ‘சொந்தமாகவே’ தருகிறேன் என்றால் வாங்க வேண்டாம். சோதனைத் தேதி தெரியாத, ஆவணம் இல்லாத சிலிண்டரை எந்த ஏஜென்சியும் நிரப்பித் தராது. டெபாசிட் கட்டி ஏஜென்சியிலேயே எடுங்கள். டி.ஏ-வை ஆட்டோவில் படுக்கவைத்துக் கொண்டுவந்தால் நிமிர்த்திப் பல மணி நேரம் விட்டபிறகே திறக்க வேண்டும், இல்லாவிட்டால் அசிட்டிலின் கரைந்திருக்கும் அசிட்டோன் திரவமும் கேஸோடு கிளம்பி வரும். வீட்டு 14.2 கிலோ சிவப்பு சிலிண்டரைப் பட்டறையில் வைப்பது குற்றம், அதன் ரெகுலேட்டர் தரும் அழுத்தமும் 30 கிராம்தான், கட்டருக்குக் காணாது. 19 கிலோ நீல சிலிண்டரும் உயரழுத்த ரெகுலேட்டரும் வேண்டும். படகின் என்ஜின் அறைக்குள் எந்தச் சிலிண்டரையும் இறக்காதீர்கள், ஹோஸையும் இரவில் உள்ளே விடாதீர்கள். எல்பிஜி காற்றைவிடக் கனம், அடித்தளத்தில் தேங்கி நிற்கும், காலையில் வைக்கும் முதல் தீக்கு அது போதும்.

ஏற்கெனவே ஏமாந்தவர்களுக்கு: ‘தொழிலுக்கு வாங்கியது, நுகர்வோர் புகார் செல்லாது’ என்று மிரட்டினால் நம்ப வேண்டாம். தன் பிழைப்புக்காகத் தானே உழைத்து நடத்தும் தொழிலுக்கு வாங்கியவரையும் 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் நுகர்வோராகவே கொள்கிறது. முதலில் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-க்கு அழையுங்கள். ராமநாதபுரம் மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் 5 லட்சம் வரையிலான பொருளுக்குக் கட்டணம் இல்லை, இரண்டு ஆண்டுக்குள் மனுப் போட வேண்டும். பில் இல்லையென்றால் பணம் அனுப்பிய யுபிஐ பதிவு, விற்றவரோடு நடந்த வாட்ஸ்அப் பேச்சு, அரம் போட்ட ரெகுலேட்டரின் படம், பெட்டி ஸ்டிக்கர் எல்லாவற்றையும் சேர்த்து வையுங்கள். பழுது பார்க்கிறேன் என்று கேட்டாலும் செட்டைத் திருப்பிக் கொடுத்துவிடாதீர்கள்.